நான் போட்ட சூரியன்

நம் ஊர்ப் பிள்ளை யாரிடமாவது ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து ‘படம் போடு’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் இரண்டு மலை வரும். மலைக்கு நடுவே பாதிச் சூரியன், அதிலிருந்து குச்சி குச்சியாகக் கதிர். அடிவாரத்தில் ஓர் ஆறு வளைந்து இறங்கும். கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் டிக் அடித்த மாதிரி நாலைந்து காக்காய். ஆழ்வார்திருநகரியில் சூரியன் உதிப்பது கடல் இருக்கிற பக்கம். அந்தத் திசையில் மலையே கிடையாது. மலை ஏற வேண்டுமென்றால் மேற்கே பாபநாசம் வரைக்கும் போக வேண்டும். இருந்தும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இதே படத்தைத்தான் போடுகிறார்கள். கரும்பலகையில் அதைப் போட்டுக் காட்டியவர்கள் என்னைப் போன்ற டிராயிங் மாஸ்டர்கள்.

லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணி, தொழிலாசிரியர் பயிற்சியும் முடித்து, 31 வருஷம் அந்தச் சூரியனைப் போட்டேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பாஸ் மார்க் வாங்க அது போதும். வருத்தமெல்லாம் ஓய்வு பெற்ற பிறகு, என்னுடையதல்லாத ஒரு படத்தில் போட்ட சூரியனைப் பற்றித்தான்.

2022இல் ஓய்வு பெற்றேன். கடைசிப் பத்து வருஷ வேலையில் ஒன்றைக் கவனித்திருந்தேன். உள்ளடங்கிய கல்வி வந்த பிறகு வகுப்புக்கு ஒன்றிரண்டு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் இருப்பார்கள். கணக்குப் பாடவேளையில் அந்தப் பிள்ளையை என் வகுப்புக்கு அனுப்பிவைப்பார்கள், ‘அங்க போய் எதையாவது கிறுக்கிக்கிட்டு இருக்கட்டும்’ என்று. நானும் ஒரு மூலையில் உட்காரவைத்து கிரேயானைக் கையில் கொடுத்துவிடுவேன். பதினெட்டு வயதானால் பள்ளிக்கூடம் முடிந்தது. வட்டார வள மையத்திலிருந்து வந்துகொண்டிருந்த சிறப்பாசிரியரும் அதற்குமேல் வர வழியில்லை. பிறகு அந்தப் பிள்ளைக்கு வீடு, கட்டில், டிவி. தெருவில் போகும்போது நடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பேன். ‘என்னம்மா, நல்லா இருக்கியா?’ என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவேன்.

பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு கலைக்கூடம் வைக்கலாம் என்று தோன்றியது. கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர், ஒரு குறையும் இல்லாதவர், வேறு வேலை இல்லாதவர், யாரும் வரலாம். மாட வீதியில் உறவினர் வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது, சாவி என்னிடம் இருந்தது. போய் அளந்து பார்த்த அன்றைக்கே திட்டம் படுத்துவிட்டது. தெருவிலிருந்து திண்ணைக்கு இரண்டரை அடி. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட ஒரு கணக்கு உண்டு: ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இரண்டரைக்கு முப்பது. என் சாய்தளம் தெருவைத் தாண்டி எதிர்வீட்டு நடையில் போய் முடியும். வழிப்போக்கர் உட்கார்ந்து இளைப்பாறக் கட்டியது திண்ணை என்று பாடம் நடத்தியிருக்கிறேன். எந்த வழிப்போக்கர் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

கடைசியில் ஒரு பழைய நெல் குடோன் அமைந்தது. வண்டி பின்பக்கமாக வந்து மூட்டை இறக்குவதற்காகத் தரையோடு தரையாகக் கட்டியது. ஆறு தூண், தகரக் கூரை, சித்திரை மாதத்தில் உள்ளே உட்கார முடியாது. ஆனால் யாரையும் தூக்க வேண்டியதில்லை.

பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள் என்று தெரிந்தது. ஒருத்தனால் முடியாது. கல்லூரிப் பிள்ளைகள், இல்லம் தேடிக் கல்வியில் வேலை பார்த்த பெண்கள் என்று பதினாலு பேரைச் சேர்த்தேன். இவர்களை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்பதில் ஒரு வாரம் போனது. வழிநடத்துநர் என்றால் முன்னால் நடக்கிறவர். ஒருங்கிணைப்பாளர் என்றால் கல்யாண வீட்டில் மைக் பிடிக்கிறவர். பயிற்றுநர் என்றால் நானே. தீரவில்லை. பயிற்சிச் சான்றிதழில் ‘வழிநடத்துநர்’ என்றே அச்சடித்துவிட்டேன்.

மூன்று நாள் பயிற்சி. சார்ட் பேப்பரில் எழுதி, தூண்தோறும் ஒட்டியிருந்தேன். 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அந்த 21ம் ஒரு சார்ட். அதே சட்டத்தின் 29ஆம் பிரிவு பண்பாட்டையும் பொழுதுபோக்கையும் பற்றியது. கலைப் பாடங்களையே இவர்களும் பங்கெடுக்கும்படி திருத்தி அமைக்க வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. அது ஒரு சார்ட். மூன்றாம் நாள்தான் என் துருப்புச்சீட்டு. ஏழு பேருக்குக் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டினேன். நான்கு பேருக்கு வலது கையை முதுகோடு சேர்த்துக் கட்டினேன். மூன்று பேருக்குக் காதில் பஞ்சு. ஒரு மணி நேரம் இப்படியே படம் வரையுங்கள் என்றேன். முடிந்ததும் இரண்டு பெண்கள் அழுதார்கள். ஒரு பையன், ‘இவங்க எப்படி சார் தாங்குறாங்க’ என்று கேட்டான். பயிற்சி வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஓரமாக ஒரு அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பிறவியிலேயே கண் பார்வை இல்லாதவர், பாளையங்கோட்டையில் படித்தவர். பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே பள்ளிக்கூடம் கண்ட ஊர் அது. நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது அண்ணாச்சிக்குத் தொழில். எல்லாரும் கிளம்பிய பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“ஸார்வாள், கண்ணைக் கட்டி ஒரு மணி நேரம் விட்டா அவனுக்கு என்ன தெரியும்? எங்க போயி முட்டிக்கிடுவோமோன்னு பயந்தான் தெரியும். நான் என்ன நாள்பூரா பயந்துகிட்டா கெடக்கேன்? இந்த ஊர்ல எந்த வீட்டு நடை எத்தனை படின்னு எனக்குத் தெரியும். பிரம்பு ஈரம் பத்துமா பத்தாதான்னு தொட்டாத் தெரியும். அதையெல்லாம் எங்கிட்ட கேளுங்கலேன்னு ஒருத்தங்கிட்டயும் நீங்க சொல்லலியே.”

சிரித்துச் சமாளித்தேன். பெரிய மனிதர், ஏதோ சொல்கிறார். பிறகுதான் தெரிந்தது, அமெரிக்காவில் மிஷேல் நாரியோ-ரெட்மண்ட் என்ற உளவியலாளரின் குழு இதையே ஆராய்ந்து 2017இல் வெளியிட்டிருக்கிறது என்று. இப்படிக் கண்ணைக் கட்டிப் பழக்குவதால் இரக்கம் கூடுகிறதே ஒழிய, மாற்றுத்திறனாளிகளோடு பேசிப் பழகும் பக்குவம் கூடுவதில்லை. தனக்கும் இப்படி ஆகிவிடுமோ என்ற பயமும் தவிப்பும்தான் ஏறுகின்றன. அண்ணாச்சி சொன்னதை அவர்கள் பல பக்கத்தில் சொல்லியிருந்தார்கள்.

கலைக்கூடம் தொடங்கியது. என் பதினாலு பேரும் தங்கமான பிள்ளைகள். அதுதான் தொந்தரவு. ஒரு பையன் தூரிகையை எட்டி எடுப்பதற்குள் இவர்கள் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். தாள் நழுவினால் பிடித்துக்கொள்வார்கள். பிடித்த கையை எடுக்கமாட்டார்கள். கத்தரிக்கோலை யாரையும் தொடவிடுவதில்லை. ஆட்டிசம் உள்ள ஒரு பையன், பதினோரு வயது, வந்த நாளிலிருந்து ஆறு தூணையும் சுற்றிச் சுற்றி நடப்பான். அவன் பின்னாலேயே ஒரு பெண் தோளைப் பிடித்துக்கொண்டு, ‘வா தம்பி, உக்காரு தம்பி’ என்று நடப்பாள். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் கால் வலிதான் மிச்சம்.

2023 டிசம்பர் 17, 18. அந்த இரண்டு நாளை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. தாமிரபரணி குடோனுக்குள்ளும் வந்தது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு வண்டல். தூணில் ஒட்டியிருந்த சார்ட் ஒன்றுகூட இல்லை. என் மூன்று நாள் பயிற்சியை ஆறு கொண்டுபோயிருந்தது. நான் சும்மா இருந்தேனா? திரும்ப எழுதி ஒட்டினேன். கண்கட்டும் கறுப்புத் துணியைக்கூடப் புதிதாக வாங்கினேன்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன்.

பத்தொன்பது வயதுப் பெண். மூளை முடக்குவாதம். சக்கர நாற்காலியில்தான் வருவாள். வலது கை அவள் சொன்னபடி கேட்காது, இடது கை பாதி கேட்கும். பேச்சு வரும். ஒரு சொல் முழுசாக வெளியே வர நாம் ஐந்தாறு மூச்சு பொறுத்திருக்க வேண்டும். தூரிகைக் காம்பில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கொடுத்திருந்தோம், பிடி நழுவாமலிருக்க. 2024 நவம்பரில் நான்கு வாரம் ஒரே படத்தில் உட்கார்ந்திருந்தாள். அரை சார்ட். கீழேயிருந்து தொடங்கி, இடமிருந்து வலமாகக் கோடு. பழுப்பு நிறம். கை அதிர்வதால் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு சிலிர்ப்பு இருந்தது. அது முடிந்து அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று. முக்கால் உயரம் வந்ததும் நிறுத்திவிட்டாள். அதற்குமேல் ஒன்றுமில்லை, தாளின் வெள்ளைதான். வலதுபக்க மூலையில் மட்டும் கறுப்பாக ஒரு புள்ளி, பயறு அளவுக்கு.

டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினம். அதை ஒட்டி ஓர் ஓவியப் போட்டி. படத்தைக் கொடுக்க மறுநாள் கடைசி. குடோனில் நானும் கல்லூரிப் பையன் ஒருவனும்தான் இருந்தோம். படத்தைத் தூணில் சாய்த்துவைத்துப் பார்த்தேன். ஆறு. படித்துறையிலிருந்து பார்த்த ஆறு. நன்றாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் மேலே காலியாகக் கிடக்கிறதே, இப்படியே அனுப்பினால் பாதியில் விட்டதாக நினைப்பார்களே என்று தோன்றியது. கறுப்புப் புள்ளி ஏதோ மை சிந்தியதாகப் பட்டது. எனக்குக் கை பரபரத்தது. மஞ்சளும் சிவப்பும் கலந்து அந்தப் புள்ளியின் மேலேயே ஒரு வட்டம் போட்டேன். கதிர் இழுத்தேன். ஓரத்தில் இரண்டு பனை. பனை எங்கள் சீமை மரம் அல்லவா, உள்ளூர் மணம் வேண்டும் என்ற கலைநயம் வேறு. ஐந்து நிமிஷ வேலை. பையன் பக்கத்தில் நின்று கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஆறுதல் பரிசு கிடைத்தது. ஒரு சான்றிதழ், ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். போட்டிக்குக் கொடுப்பதற்கு முன்னால் படத்தை அவளிடம் காட்டியிருந்தேன். பார்த்துவிட்டு இரண்டு எழுத்தில் ஏதோ சொன்னாள். சந்தோஷப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டு, ‘ஆமாம்மா, ஆமாம்மா’ என்று தலையைத் தடவினேன். மறுபடி அதையே சொன்னாள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

ஜனவரி முதல் வாரம் குடோனில் ஒன்றைக் கண்டேன். கிண்ணம் பிடித்த அதே பையன், ஒரு சிறுவனின் மணிக்கட்டைப் பிடித்துத் தாளில் இழுத்துக்கொண்டிருந்தான். சிறுவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன் கை மட்டும் வட்டம் போடுகிறது. எனக்குக் கோபம் வந்தது. ‘மூணு நாள் கிளாஸ்ல இதையா சொல்லிக்கொடுத்தேன்?’ என்று சத்தம் போட்டுவிட்டேன். பையன் முகம் சுருங்கியது.

“இல்ல சார். நீங்க அன்னைக்கு அந்த அக்கா படத்துல செஞ்சீங்கள்லா... அதத்தான் செஞ்சேன். படம் முழுசா இருந்தாத்தான அவங்களுக்கும் பெருமை.”

சார்ட்டில் ஐந்தாவது வரி, நான் எழுதியது, அவன் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது: ‘அவர்கள் படைப்பில் கை வைக்காதீர்கள்.’

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு, ஒரே அறை, கட்டில் சுவரை ஒட்டி. நான் உட்கார்ந்த இடத்துக்கு நேரெதிரே அவள் படம் இருந்தது. சுவரில். தரையிலிருந்து நாலரை அடி வரைக்கும் சுவர் பழுப்பு. வண்டல் ஊறிக் காய்ந்து, வரி வரியாக, ஒரு வரிக்குமேல் இன்னொரு வரி. தண்ணீர் நின்று நின்று ஏறியதோ, நின்று நின்று வடிந்ததோ. அதற்குமேல் வெள்ளைச் சுண்ணாம்பு. வலதுபக்கம் மேலே ஓர் ஆணி. ஆணியில் ஒரு மஞ்சப்பை.

“வெள்ளை அடிக்கணும் சார், இந்தப் பொங்கலுக்கும் முடியல,” என்றார் அம்மா, நான் சுவரைப் பார்ப்பதைப் பார்த்து. “அன்னைக்கு ராத்திரி ரேஷன் கார்டு, ஆதார், இவ கார்டு எல்லாத்தையும் அந்தப் பையிலதான் போட்டு மாட்டியிருந்தேன். தண்ணி ஏற ஏற, இவ கட்டில்ல கெடந்துகிட்டு ஆணியவே பாத்துக்கிட்டிருந்தா. ஆணிக்கு வந்துருமோ, வந்துருமோன்னு. பெறவு பக்கத்து மாடிக்கு இவளையும் பையையும் தூக்கிட்டுப் போனாங்க.”

ஆணி. அவள் அன்றைக்கு இரண்டு தரம் சொன்னது அதுதான்.

மன்னிச்சிரு தாயி என்றேன். அவள் டிவியைப் பார்த்தாள். அம்மாதான், “அதனால என்ன சார், பரிசு வந்துச்சுல்லா” என்றார். டிபன் பாக்ஸ் அலமாரியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது.

வீட்டுக்கு வந்து பல நாள் யோசித்தேன். மூன்று நாள் நான் பேசியது எதுவும் அந்தப் பையனிடம் தங்கவில்லை, ஐந்து நிமிஷம் நான் செய்தது தங்கிவிட்டது. பட்டறையில் ஆசாரி மகன் கற்றுக்கொள்வது அப்படித்தான் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். அவன் அப்பன் பேச்சைக் கேட்பதில்லை, கையைப் பார்க்கிறான். பதினாலு பேரும் என் கையைத்தான் பார்த்திருக்கிறார்கள். நான் தாளைப் பிடித்தேன், அவர்கள் பிடித்தார்கள். நான் பதிலுக்கு நிற்காமல் பஸ்ஸுக்கு ஓடினேன், அவர்களும் ஓடினார்கள்.

இந்த வேலையை முறையாகச் செய்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடியபோதுதான் கிரியேட்டிவ் குரோத் என்ற பெயர் கிடைத்தது. அமெரிக்காவில் ஓக்லாந்தில் இருக்கிறது. ஃபுளோரன்ஸ் லூடின்ஸ்-காட்ஸ் என்ற ஓவியரும் அவர் கணவர் எலையஸ் காட்ஸ் என்ற உளவியலாளரும் 1974இல் தங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் தொடங்கியது. அங்கே கூட இருப்பவர்கள் ஓவியர்கள், சிற்பிகள். பொருளை எடுத்துக் கொடுப்பார்கள், எப்படிப் போடுவது என்று சொல்லித்தர மாட்டார்கள். அங்கே 1987இல் வந்து சேர்ந்தவர் ஜூடித் ஸ்காட். டவுன் சிண்ட்ரோம், காதும் கேட்காது. காது கேளாததையே பல வருஷம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஏழு வயதில் ஒரு விடுதியில் விட்டார்கள், 35 வருஷம் அப்படியே போனது. இரட்டைச் சகோதரி ஜாய்ஸ்தான் வெளியே கூட்டிவந்தார். கலைக்கூடத்தில் ஏறக்குறைய இரண்டு வருஷம் அவர் எதிலும் மனம் வைக்கவில்லை. பிறகு ஒருநாள் நூல் வேலை நடந்த இடத்தில் உட்கார்ந்து, கிடைத்த பொருளை நூலால் சுற்றத் தொடங்கினார். 2005இல் சாகும்வரை நிறுத்தவில்லை. அந்தச் சிற்பங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. என்னைப் பிடித்து உலுக்கியது அந்த இரண்டு வருஷம். என் குடோனாக இருந்தால் இரண்டாவது வாரமே அவர் கையைப் பிடித்து நான் சூரியன் போட்டிருப்பேன்.

அண்ணாச்சிக்கு வினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றிச் சொன்னேன். சாந்திநிகேதனில் ஓவிய ஆசிரியராக இருந்தவர், பிறந்ததிலிருந்தே பார்வை மங்கல், 1957 வாக்கில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அடியோடு போய்விட்டது. அதற்கப்புறமும் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டிப் படம் செய்தார், சுவரில் ஓடு பதித்து ஒரு பெரிய படைப்பைச் செய்து முடித்தார். சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றிப் படமே எடுத்தார் என்றேன். அண்ணாச்சி நிதானமாகக் கேட்டார்: “அவருக்குக் கத்தரி யாரு எடுத்துக் கொடுத்தா?” எனக்குத் தெரியவில்லை. “அந்த ஆளத்தான் நீங்க பாக்கணும் ஸார்வாள்,” என்றார்.

இப்போது பயிற்சி கிடையாது, அதாவது மூன்று நாள் கிடையாது. கறுப்புத் துணியைக் கைப்பிடித் துணி ஆக்கிவிட்டோம். புதிதாக வருகிறவர் எட்டு ஞாயிறு அதே மேஜையில் உட்கார்ந்து தன் படத்தைத் தான் போட வேண்டும். யாருக்கும் உதவப் போகக் கூடாது. தனக்கு வேண்டியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது பெரிய அவஸ்தை. படம் போடக் கூச்சம், கேட்கக் கூச்சம். ஒரு பெண் மூன்று வாரம் வெற்றுத்தாளோடு உட்கார்ந்திருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கற்றுக்கொடுப்பது இப்போது வேறு ஆட்கள். அண்ணாச்சி ஒரு பாடம் எடுக்கிறார், ஒரே பாடம். ‘கேளுங்க. கேட்டுட்டு, பதில் வார வரைக்கும் அசையாம நில்லுங்க.’ அவ்வளவு. தாளுக்கடியில் ரப்பர் விரிப்பைப் போட்டு, தையற்கடைப் பல்சக்கரத்தை அழுத்தி ஓட்டினால் பின்பக்கம் புள்ளி புள்ளியாகக் கோடு எழும்பும், விரலால் படிக்கலாம் என்பதும் அவர் காட்டியதுதான். காது கேளாத ஒரு தம்பி டெய்லர். யாரையாவது கூப்பிட வேண்டுமானால் கத்தாதே, லைட் சுவிட்சை இரண்டு தடவை அணைத்துப் போடு. பேசும்போது முதுகைக் காட்டாதே, வாயைக் கையால் மறைக்காதே என்று கையாலேயே அதட்டுவான். மார்கழியில் கோயிலில் அரையர் சேவை பார்த்துவிட்டு வந்து, கூம்புக் குல்லாயும் தாளமும் பாவனையுமாக எங்களுக்கு நடித்துக் காட்டினான். பாட்டு கேட்ட எனக்கு விளங்காத ஓரிடம் அவன் கையில் விளங்கியது.

பழைய நோட்டு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் கிளம்புமுன் எல்லாரும் அதில் ஒரு வரி எழுத வேண்டும், ‘இன்று நான் செய்யாதது’. சில வரிகள்: ‘பேப்பர் நழுவியது. பிடிக்கவில்லை. அவனே முழங்கையால் அமுக்கிக்கொண்டான்.’ ‘இது என்ன என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்கவில்லை.’ அதற்குக் கீழேயே வேறு மையில், ‘அப்புறம் கேட்டுவிட்டேன்.’ ஒன்று என்னைத் திருத்தியது. ஒரு சிறுவன் மேல் பெயின்ட் தண்ணீர் கொட்டி அவன் அலற, பக்கத்தில் நின்ற பெண் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறாள். கேட்டால், ‘நீங்கதான சார் உதவக் கூடாதுன்னு சொன்னீங்க’ என்கிறாள். மறுபடியும் என் கை! எதற்குப் போவது, எதற்குப் போகாமலிருப்பது என்பதை ஒரு வரியில் எழுதி ஒட்ட முடியவில்லை. அதனால் ஒட்டவில்லை.

தூணைச் சுற்றும் பையன் இன்னும் சுற்றுகிறான். தோளைப் பிடித்து நடந்த பெண் ஒருநாள் ஒவ்வொரு தூணின் அடியிலும் ஒரு சாக்பீஸை வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்று வாரம் கழித்து ஒன்றை எடுத்தான். ஓடும் வேகத்தில் தூணில் ஒரு கோடு. இப்போது ஆறு தூணிலும் அவன் தோள் உயரத்துக்கு வளையம் வளையமாகக் கோடு. பூக்கட்டும் வீட்டிலிருந்து வருகிற ஒரு அக்கா, நாற்பது வயதிருக்கும், தூரிகையைத் தொடுவதே இல்லை. ஈர வாழைநாரைப் பையில் கொண்டுவந்து எதையாவது சுற்றி முடிச்சுப் போடுவார். உடனே எனக்கு ஜூடித் ஸ்காட் ஞாபகம் வந்து மனசு துள்ளியது. அடக்கிக்கொண்டேன். அக்கா பத்து முடிச்சுப் போட்டதும் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். அவருக்கு அது போதும்.

பெயர்ப் பிரச்சினை தானாகத் தீர்ந்தது. ஒரு பையனின் ஆச்சி அவனைக் கூட்டிவருவார். யாரோ அவரிடம் ‘இவங்கல்லாம் யாரு?’ என்று கேட்டதற்கு, ‘கூடமாட இருக்கிற பிள்ளைய’ என்றார். அதுவே பெயராகிவிட்டது.

அதே ஆச்சி ஒருநாள் குடோன் வாசலில் உட்கார்ந்து சொன்னார்: “நம்ம ஊர்லயே ஒரு பிள்ள அழாம, பேசாம, பால் குடிக்காம இருந்துச்சு. உலகத்துக்கு மாறா இருக்குன்னு மாறன்னு பேரு வெச்சு, புளியமரத்தடியில கொண்டு விட்டாங்க. பதினாறு வருசம். மதுரகவி எங்கயோ வடக்க இருந்து வந்து, கல்லை ஒண்ணப் போட்டுப் பாத்து, ஒரு கேள்வி கேட்டாரு. கேட்டுட்டு நின்னாருல்லா?” ஆழ்வார் கதையையும் எங்கள் குடோனையும் சேர்த்துப் பேச எனக்குத் துணிச்சல் வராது. ஆச்சிக்கு வந்தது.

அந்தப் பெண் பங்குனியில் திரும்ப வந்தாள். இப்போது கறுப்பில் மட்டும் போடுகிறாள். என்ன படம் என்று நான் கேட்பதில்லை. அவளாகச் சொல்லத் தொடங்கினால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

பரிசு வாங்கிய படம் திரும்பி வரவில்லை. ஓர் அலுவலகத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். போன மாதம் ஒரு கையெழுத்துக்காக அங்கே போயிருந்தேன். டியூப் லைட்டுக்குக் கீழே, பழுப்புக் கோடுகளுக்குமேல் என் சூரியன் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மஞ்சளுக்கு அடியில் ஆணி தெரிகிறதா என்று சாய்ந்து பார்த்தேன். கொஞ்சம் தெரிந்தது, மச்சம் மாதிரி.

“மாற்றுத்திறனாளிப் பொண்ணு போட்டது சார்,” என்றார் மேஜையில் இருந்தவர், என் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே. “சூரியனைப் பாருங்க, என்னமா போட்டிருக்கு!”

கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.